ஒரு சொட்டு இரத்தம் என்ன சொல்லும்?

(அறிவியல் பகுதி)



இந்த மாதச் சுவரிதழுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, இரத்தப் புற்றுநோயையும் நிணநீர்ப் புற்றுநோயையும் ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது. "ஐயோ, புற்றுநோயா!" என்று அடுத்த தாளுக்கு ஓடிப் போயிடாதீங்க. இது பயமுறுத்துற கட்டுரை இல்லை. நம்ம சின்னாளப்பட்டிச் சாயத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. கொஞ்சம் நீளம்தான். இடைவேளையில் பாதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதி என்று படித்து முடித்துவிடலாம். இதை ஏன் இப்போ எழுதுகிறேன் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. இரத்தம் எங்கே தயாராகிறது?

இரத்தம் இதயத்தில் உற்பத்தி ஆகிறது என்று நம்மில் பல பேர் நினைக்கிறோம். இல்லை. இதயம் மோட்டார் மாதிரி, இறைக்கும் வேலை மட்டும்தான் அதுக்கு. இரத்த அணுக்கள் தயாராகும் இடம் எலும்புக்குள்ளே இருக்கும் மஜ்ஜை. அங்கே மூன்று வகை அணுக்கள் உருவாகின்றன.

சிவப்பணுக்கள்: உடம்பு முழுக்க ஆக்சிஜனைக் கொண்டு போகும். ஆயுள் சுமார் 120 நாள்.

வெள்ளையணுக்கள்: கிருமிகளோடு சண்டை போடும். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும்.

தட்டணுக்கள்: அடிபட்டால் இரத்தத்தை உறைய வைக்கும். ஒரு கன மில்லிமீட்டரில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும்.

மஜ்ஜையில் பிறக்கிற அணு முதலில் குழந்தை அணுவாகத்தான் இருக்கும். வளர்ந்து, வேலை கற்றுக்கொண்டு, அப்புறம்தான் இரத்தத்துக்கு வரும். இரத்தப் புற்றுநோயில் என்ன நடக்கிறது என்றால், ஒரு குழந்தை அணு வளராமலே பெருக ஆரம்பிக்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, மஜ்ஜை முழுக்க இதுவே அடைத்துக்கொள்ளும். நல்ல அணுக்களுக்கு இடமே இருக்காது. இந்த வளராத அணுவுக்கு 'பிளாஸ்ட்' என்று பெயர்.

அதனால்தான் நோயாளிக்கு மூன்று வகைத் தொந்தரவு வருகிறது. சிவப்பணு குறைவதால் வெளுத்துப் போவது, மூச்சு வாங்குவது. நல்ல வெள்ளையணு குறைவதால் விடாத காய்ச்சல். தட்டணு குறைவதால் ஈறில் இரத்தம், தோலில் சிவப்புப் புள்ளி, அடிபடாமலே கன்றிப் போவது. ஒரே காரணம், மூன்று அடையாளம். இதை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

நிணநீர்ப் புற்றுநோய் இதுக்குச் சொந்தக்காரன். லிம்போமா என்று சொல்வார்கள். இது கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் ஆரம்பிக்கும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் "நெறி கட்டியிருக்கு" என்று பாட்டி சொல்வாங்களே, அந்த முடிச்சுதான். புண்ணுக்கு நெறி கட்டினால் வலிக்கும், ஒரு வாரத்தில் கரைந்துவிடும். லிம்போமா கட்டி பெரும்பாலும் வலிக்காது, கரையாது, வளர்ந்துகொண்டே போகும்.

2. பெயர் வந்த கதை

1832-ஆம் ஆண்டு லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற மருத்துவர் நிணநீர் முடிச்சுகள் வீங்கி இறந்தவர்களைப் பற்றி எழுதினார். நுண்ணோக்கி இல்லாமல் கண்ணால் பார்த்தே எழுதினார். அந்த நோய்க்குப் பிற்காலத்தில் அவர் பெயரையே வைத்தார்கள்.

1845-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஜான் ஹியூஸ் பென்னட், ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ஷோ என்று இரண்டு பேர், ஒருவருக்கு ஒருவர் தெரியாமலே, இறந்தவர்களின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டார்கள். பென்னட் அதைச் சீழ் என்று நினைத்தார். விர்ஷோ, "இது சீழ் இல்லை, இரத்தமே இப்படி மாறிவிட்டது" என்றார். 1847-இல் 'லுகேமியா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'வெள்ளை இரத்தம்' என்று பொருள்.

ஆனால் அப்போது அணுக்களைத் தெளிவாகப் பார்க்க வழி இல்லை. வெள்ளையணு என்று பெயர்தான் வெள்ளையே தவிர அதுக்கு நிறமே கிடையாது. கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் மங்கலாக ஒரே மாதிரி தெரியும். எது நல்லது, எது கெட்டது என்று எப்படிப் பிரிப்பது? இங்கேதான் நம்ம சாயம் வருகிறது.

3. துணிக்குப் போட்ட சாயம்

சுங்குடி போடுவதைப் பார்த்திருப்பீங்க. துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சு இருந்த இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். சாயம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறுவதில்லை என்பதுதான் சுங்குடியின் ரகசியம். பருத்தியில் ஏறுகிற சாயம் செயற்கைப் பட்டில் அப்படியே ஏறாது என்பதும் நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இதே ரகசியத்தைத்தான் பால் எர்லிக் என்ற ஜெர்மனி விஞ்ஞானி 1870-களின் கடைசியில் பிடித்துக்கொண்டார். அப்போது ஜெர்மனியில் துணிக்கென்று செயற்கைச் சாயங்கள் புதிது புதிதாக வந்துகொண்டிருந்தன. மெத்திலீன் நீலம் என்ற சாயம் 1876-இல் வந்தது. எர்லிக் இந்த மாதிரிச் சாயங்களை இரத்தத்தில் போட்டுப் பார்த்தார். சில அணுக்களின் துகள்கள் ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. சில நீலத்தை எடுத்துக்கொண்டன. நம்ம புத்தகத்தில் வரும் ஈயோசினோஃபில், பேசோஃபில் என்ற பெயர்களுக்கு வேற அர்த்தம் ஒன்றும் இல்லை. ஈயோசினை விரும்பும் அணு, காரச் சாயத்தை விரும்பும் அணு, அவ்வளவுதான்! தேர்வுக்கு மனப்பாடம் பண்ணுகிறவர்கள் இனிமேல் இப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

1891-இல் ரஷ்யாவில் ரோமனோவ்ஸ்கி, ஈயோசினையும் மெத்திலீன் நீலத்தையும் கலந்தால் மூன்றாவதாக ஓர் ஊதா நிறம் கிடைப்பதைக் காட்டினார். 1901-இல் வில்லியம் லீஷ்மன் என்பவர் அதைச் சுலபமாக்கினார். அவர் இந்தியாவிலும் வேலை பார்த்த பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர். லீஷ்மன் சாயம் என்று நம் நாட்டு ஆய்வகங்களில் இன்றைக்கும் புழங்குவது அதுதான்.

செய்முறை:

அ) ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டின் ஓரத்தில் வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் சாய்வாக இழுக்க வேண்டும். நாக்கு மாதிரி மெல்லிய படலம் வரும்.

ஆ) காற்றில் காய வைக்க வேண்டும்.

இ) லீஷ்மன் சாயத்தை ஊற்றி 2 நிமிடம் விட வேண்டும். அதில் உள்ள மெத்தில் ஆல்கஹால் அணுக்களைக் கண்ணாடியில் ஒட்ட வைத்துவிடும்.

ஈ) சாயத்தைப் போல இரண்டு மடங்கு, அமில கார அளவு 6.8 உள்ள நீரைச் சேர்த்து 7 முதல் 10 நிமிடம் விட வேண்டும்.

உ) கழுவி, காய வைத்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

அந்த நீரின் அளவு ரொம்ப முக்கியம். அமிலம் அதிகமானால் எல்லாம் சிவந்துவிடும், காரம் அதிகமானால் எல்லாம் நீலமாகிவிடும். தண்ணி மாறினால் சாயம் மாறும் என்று சாயம் போடுகிற மாமாக்கள் சொல்வதும் இதே வேதியியல்தான்.

இப்போ பார்த்தால் சிவப்பணு ரோஸ் நிறம். வெள்ளையணுவின் உட்கரு ஊதா. நல்ல அணுக்கள் பலவற்றில் உட்கரு மூன்று நான்கு மடலாகப் பிரிந்து அழகாக இருக்கும். பிளாஸ்ட் அணுவில் உட்கரு பெரிசாக அணு முழுக்க அடைத்துக்கொண்டு, சுற்றிலும் ஒரு மெல்லிய நீலக் கரை மட்டும் இருக்கும். பழகின கண்ணுக்கு இது உடனே தெரிந்துவிடும்.

விலை உயர்ந்த இயந்திரம் எத்தனை வந்தாலும் முதல் சந்தேகம் இந்த ஒரு சொட்டில்தான் வருகிறது. வெள்ளையணுக்களை எண்ணிச் சொல்லும் இயந்திரம் சில சமயம் எண்ணிக்கை மட்டும்தான் சொல்லும். கண்ணாடித் துண்டைப் பார்க்கிற மனிதர்தான் "இதில் ஏதோ சரியில்லை" என்று சொல்கிறார்.

4. மஜ்ஜைச் சோதனை

சந்தேகம் வந்த பிறகு உறுதி செய்ய மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும். இடுப்பு எலும்பின் பின்பக்கம் மரத்துப் போக ஊசி போட்டுவிட்டு, வேறொரு ஊசியால் கொஞ்சம் மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். இது முதுகெலும்பு இல்லை. "முதுகுத்தண்டுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்" என்று சொல்லிப் பயந்து சோதனைக்கே போகாதவர்கள் உண்டு. மஜ்ஜை எடுக்கும் இடமே வேறு என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தப் பயம் போய்விடும். மஜ்ஜையில் 100-க்கு 20 அல்லது அதற்கு மேல் பிளாஸ்ட் இருந்தால் பொதுவாகக் கடுமையான லுகேமியா என்று முடிவு செய்கிறார்கள்.

அடுத்த கேள்வி, எந்த வகை? கடுமையான லுகேமியாவில் முக்கியமாக இரண்டு குடும்பம். ஒன்று லிம்ஃபாய்டு, குழந்தைகளுக்கு அதிகம் வருவது. இன்னொன்று மைலாய்டு. இரண்டுக்கும் மருந்தே வேற வேற. சாயத்தில் பார்த்தால் சில சமயம் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இரட்டைப் பிள்ளைகளைப் பிரித்துச் சொல்கிற மாதிரி கஷ்டம். அதுக்கு என்ன செய்தார்கள்?

5. அணுவுக்கும் பேட்ஜ் உண்டு

நம்ம பள்ளியில் ஒரே சீருடை போட்டிருந்தாலும் பேட்ஜைப் பார்த்தால் யார் எந்த அணி என்று தெரிகிறது இல்லையா? அதே மாதிரி ஒவ்வொரு அணுவின் மேலும் சில புரதங்கள் குத்தியிருக்கும். அதுக்கு சி.டி. எண் கொடுத்திருக்கிறார்கள். சி.டி.19 இருந்தால் பி வகை நிணநீர் அணு. சி.டி.3 இருந்தால் டி வகை. சி.டி.34 இருந்தால் இன்னும் வளராத குழந்தை அணு.

ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975-இல் கோலர், மில்ஸ்டீன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். 1984-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். இந்த எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்து (பார்த்தீங்களா, மறுபடியும் சாயம்!) இரத்தத்தில் கலப்பார்கள். பிறகு 'ஃப்ளோ சைட்டோமீட்டர்' என்ற இயந்திரத்தில் விடுவார்கள். ரேஷன் கடை வரிசை மாதிரி அணுக்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடந்து போகும். எந்த அணு எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்று இயந்திரம் குறித்துக்கொள்ளும். ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிவிடும்!

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உட்பட இந்திய மருத்துவமனைகள் இப்படி வகை பிரித்துப் பார்த்தபோது, லிம்ஃபாய்டு லுகேமியாவில் டி வகையின் பங்கு மேல்நாட்டைவிட இங்கே அதிகமாக இருப்பது தெரிந்தது. நம்ம பிள்ளைகளுக்கு வருகிற நோயை நம்ம ஆய்வகமே பார்த்தால்தான் இது தெரியும். புத்தகத்தில் வேற நாட்டுக் கணக்கு மட்டும்தான் இருக்கும்.

அடையாறு மருத்துவமனை பற்றி: பெண் மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டி அவர்கள் நமக்குப் பாடத்தில் உண்டு. தன் தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்தவர் அவர். அவருடைய முயற்சியால் 1954 ஜூன் 18-இல் 12 படுக்கைகளோடு இந்த மருத்துவமனை தொடங்கியது. அடுத்த ஆண்டு சேர்ந்த டாக்டர் வி.சாந்தா அவர்கள் 2021-இல் இறக்கும் வரை அதற்காகவே வாழ்ந்தார். 2005-இல் மகசேசே விருதும் 2016-இல் பத்ம விபூஷணும் பெற்றார். 1980-களில் இந்த மருத்துவமனை, மும்பை டாட்டா மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து, எம்.சி.பி.-841 என்ற மருத்துவ முறையைக் கொண்டு வந்தன. அதற்கு முன் லிம்ஃபாய்டு லுகேமியா வந்த பிள்ளைகளில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. இந்த முறையில் 1,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் செய்த சிகிச்சையில், நான்கு ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 10-க்கு 4 முதல் 6 பேர். இப்போது வசதியுள்ள நாடுகளில் 10-க்கு 9 பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

6. விறகுக்கட்டு அணு: வேலூர்க் கதை

மைலாய்டு வகையில் ஒரு பொல்லாத பிரிவு உண்டு. ஏ.பி.எல். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இது வந்தால் மூளையிலோ நுரையீரலிலோ இரத்தம் கசிந்து சில நாட்களிலேயே ஆபத்தாகிவிடும். ஆனால் சாயம் போட்டுப் பார்த்தால் ஓர் அடையாளம் தெரியும். அணுவுக்குள்ளே ஊசி ஊசியாகச் சிவந்த குச்சிகள், கட்டிவைத்த விறகு மாதிரி கிடக்கும். விறகுக்கட்டு அணு என்றே அதுக்குப் பெயர். அதைப் பார்த்தவுடன் மற்ற முடிவுகளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியத்தை ஆரம்பித்துவிடுவார்கள்.

உறுதி செய்வது மரபணுச் சோதனையில். நமக்கு 23 ஜோடி குரோமோசோம் இருக்கு. இந்த நோயில் 15-ஆவதும் 17-ஆவதும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கும். தறியில் இரண்டு இழை அறுந்து, அவசரத்தில் இதை அதோடும் அதை இதோடும் முடிந்துவிட்டால் துணி என்ன ஆகும்? அதே கதைதான். மாறி ஒட்டின அந்த இடத்தைப் பி.சி.ஆர். என்ற முறையில் லட்சக்கணக்கில் பிரதி எடுத்துக் கண்டுபிடிக்கிறார்கள். கொரோனா நேரத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்களே, அதே பி.சி.ஆர்.தான்.

இதுக்கு மருந்து என்ன தெரியுமா? ஆர்சனிக்! பாஷாணம் என்று கேள்விப்பட்டிருப்பீங்க. சீனாவில் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970-களில் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1998 முதல் ஆர்சனிக்கை மட்டும் முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற மருந்துகளை வாங்க நிறையப் பேருக்கு வசதி இல்லை என்பதும் ஒரு காரணம். 72 பேரில் 100-க்கு 86 வீதம் நோய் அடங்கியது. 2006-இல் இந்த முடிவு வெளிநாட்டு ஆய்விதழில் வந்து உலகமே கவனித்தது. நோய் உண்மையிலேயே போய்விட்டதா, ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க அதே பி.சி.ஆர். சோதனைதான் உதவியது. ஏழை நோயாளிக்காக யோசித்தது, விஞ்ஞானத்துக்கே புது வழியாகிவிட்டது. (ஆர்சனிக் கொடிய விஷம். மருத்துவமனையில், அளந்து, தினமும் சோதித்துத்தான் கொடுப்பார்கள். நாட்டு மருந்து என்று யாராவது கொடுத்தால் வாங்கிச் சாப்பிடக் கூடாது.)

7. சென்னையில் நடந்த ஒரு வழக்கு

நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்று ஒன்று உண்டு. 1960-இல் அமெரிக்காவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் இந்த நோயாளிகளிடம் ஒரு குட்டைக் குரோமோசோமைப் பார்த்தார்கள். அதைப் பார்த்த ஊரின் பெயரால் ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் என்று பெயர். 1973-இல் ஜேனட் ரௌலி என்ற பெண் விஞ்ஞானி, 9-ஆவதும் 22-ஆவதும் துண்டு மாற்றிக்கொண்டதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். ஒரு புற்றுநோய்க்குக் காரணமான தவறு இன்ன இடத்தில் இருக்கு என்று விரல் வைத்துக் காட்டின மாதிரி ஆச்சு.

இடம் தெரிந்ததால் அதை மட்டும் அடைக்கும் மாத்திரை செய்ய முடிந்தது. இமாடினிப் என்ற அந்த மாத்திரை 2001-இல் வந்தது. ஆனால் நோவார்டிஸ் நிறுவனத்தின் மாத்திரை அப்போது இந்தியாவில் மாதத்துக்குச் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயாக இருந்தது. இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்து சுமார் 10 ஆயிரத்துக்குள் கிடைத்தது. நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை, அப்புறம் உச்சநீதிமன்றம் வரை போனது. 2013 ஏப்ரல் 1-இல் உச்சநீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. மருந்து விலை ஏழைக்கு எட்டுகிற மாதிரி நின்றது. ஆய்வகத்தில் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது மனுஷனுக்குக் கிடைக்கவும் வேண்டும் என்பதுக்கு இந்த வழக்கே உதாரணம்.

8. கண்டமாலையா, லிம்போமாவா?

லிம்போமாவைக் கண்டுபிடிக்க இரத்தம் மட்டும் போதாது. வீங்கின முடிச்சையே எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்த முடிச்சை ஃபார்மலினில் போட்டு, உருக்கின மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் முன்னூறில் ஒரு பங்கு கனத்தில் சீவுவார்கள். பிறகு ஹீமடாக்சிலின், ஈயோசின் என்று இரண்டு சாயம். ஹீமடாக்சிலின் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து எடுப்பது. ஒரு காலத்தில் அதையும் துணிக்குத்தான் போட்டார்கள்!

ஹாட்ஜ்கின் நோயில் ஆந்தையின் இரண்டு கண் முழிப்பது மாதிரி ஒரு பெரிய அணு தெரியும். 1902-இல் டாரதி ரீட் என்ற பெண் மருத்துவர் அதைத் தெளிவாக வரைந்து காட்டினார். அதுவரை பல பேர் இந்த நோயைக் காசநோயில் ஒரு வகை என்றே நினைத்தார்கள். "இல்லை, இது தனி நோய்" என்று சொன்னவர் அவர்.

120 வருஷம் ஆகியும் இந்தக் குழப்பம் நம்ம நாட்டில் தீரவில்லை. காரணம், இங்கே காசநோய் அதிகம். காசநோயிலும் கழுத்தில் கட்டி வரும். அதைத்தான் நம்ம பெரியவங்க கண்டமாலை என்று சொல்வாங்க. மாலைக் காய்ச்சல், எடை குறைவது, இரவில் வியர்ப்பது எல்லாம் இரண்டிலும் உண்டு. சோதிக்காமலே காசநோய் மாத்திரை சாப்பிட்டு மாதக்கணக்கில் போன பிறகு லிம்போமா என்று தெரியவந்தவர்கள் உண்டு. காசநோய்க்கு மருந்து சாப்பிடுவது தப்பே இல்லை. சோதித்து உறுதி செய்துகொண்டு சாப்பிட வேண்டும், மருந்து சாப்பிட்டும் கட்டி குறையவில்லை என்றால் மறுபடி காட்ட வேண்டும், அதுதான் விஷயம்.

இன்னொன்று. காய்ச்சலுக்கு "ஒரு ஊசி போடுங்க, சீக்கிரம் சரியாகணும்" என்று கேட்பவர்கள் நம்ம ஊரிலும் உண்டு. சில ஊசிகளில் ஸ்டீராய்டு இருக்கும். அது பிளாஸ்ட் அணுக்களைத் தற்காலிகமாகக் குறைத்துவிடும். காய்ச்சல் விட்ட மாதிரி இருக்கும். சோதனையிலும் நோய் சரியாகத் தெரியாமல் போகும். கொஞ்ச நாள் கழித்துப் பெரிசாகத் திரும்பி வரும். சாயம் ஏறுவதுக்கு முன்னாடி துணியில் எண்ணெய் பட்ட மாதிரி, அசல் நிறம் தெரியாது.

உங்களுக்குத் தெரியுமா?

குழந்தைகளின் லுகேமியாவை முதன்முதலில் அடக்கிய அமினோப்டெரின் என்ற மருந்து, அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் எல்லப்பிரகடா சுப்பாராவ் அவர்களின் குழுவிலிருந்து வந்தது. அவர் 1895-இல் ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்து, நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதைக் கொடுத்த 16 பிள்ளைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகக் குணம் தெரிந்தது. அது 1948-ஆம் ஆண்டு. அதே ஆண்டு சுப்பாராவ் இறந்துபோனார்.

9. எப்போது சோதிக்க வேண்டும்?

காய்ச்சல் வந்த எல்லாருக்கும் புற்றுநோய் இல்லை. டெங்குவிலும் தட்டணு குறையும். இரும்புச்சத்து குறைந்தாலும் வெளுத்துப் போவோம். ஆனால் இந்த அடையாளம் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது:

* இரண்டு வாரத்துக்கு மேல் விடாத, அல்லது விட்டு விட்டு வரும் காய்ச்சல்
* காரணம் இல்லாமல் வெளுத்துப் போவது, படி ஏறினால் மூச்சு வாங்குவது
* ஈறு, மூக்கில் அடிக்கடி இரத்தம், தோலில் சிவப்புப் புள்ளி
* கை கால் எலும்பு வலி, சின்னப் பிள்ளை நடக்க மறுப்பது
* வலிக்காத, கரையாத கழுத்துக் கட்டி

முதலில் வேண்டியது முழு இரத்த எண்ணிக்கையும் ஒரு கண்ணாடித் துண்டுப் படலமும்தான். அரசு மருத்துவமனையில் பார்க்கலாம். திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கு. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் உண்டு. ஆலோசனைக்கு 104-க்குப் போன் செய்யலாம்.

10. இதை ஏன் எழுதினேன்?

எங்க தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தம்பி இருக்கான். பெயர் எழுத மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னாடி அவனுக்கு லிம்ஃபாய்டு லுகேமியா என்று கண்டுபிடித்தார்கள். நோய் அடங்கிவிட்டது. ஆனால் மறுபடி வராமல் இருக்க இரண்டு வருஷத்துக்கு மேல் மருந்து உண்டு. இன்னும் மாத்திரை சாப்பிடுகிறான். முடி கொட்டி இப்போ திரும்ப முளைச்சிருக்கு. அவன் படித்த பள்ளியில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "அவன் டம்ளர்ல தண்ணி குடிக்காத, உனக்கும் வந்துரும்" என்று வீட்டில் சொல்லி அனுப்பினார்களாம். மொட்டை என்று கூப்பிட்டார்களாம். அவன் ஊசியெல்லாம் தாங்கிக்கிட்டான், இதைத்தான் தாங்கிக்க முடியலைன்னு அவங்க அம்மா சொல்லி அழுதாங்க.

வருகிற ஜூன் மாதம் அவன் நம்ம பள்ளிக்கு ஆறாம் வகுப்புக்கு வருகிறான்.

அதனால் எல்லாரும் இதை நல்லா படிச்சுக்கோங்க. இரத்தப் புற்றுநோய் தொற்று நோய் கிடையாது. தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. அது அவனுடைய மஜ்ஜையில் ஓர் அணுவுக்குள்ளே நடந்த தவறு. மேலே இழை மாற்றி முடிந்த கதை சொன்னேனே, அந்த மாதிரித்தான். இன்னொருத்தர் தறிக்கு அது தாவாது.

உண்மை அதுக்கு நேர் எதிர். அவனிடமிருந்து நமக்கு எதுவும் வராது. நம்மிடமிருந்துதான் அவனுக்கு வரும். மருந்து சாப்பிடும்போது அவனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கும். நமக்கு அஞ்சு நாளில் போகிற அம்மையும் சளியும் அவனை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். ஆகவே:

* சின்னம்மை, தட்டம்மை போட்டிருந்தால் சரியாகும் வரை பள்ளிக்கு வராதீங்க. வகுப்பில் யாருக்காவது வந்திருந்தால் உடனே டீச்சரிடம் சொல்லுங்க, அவங்க அந்தத் தம்பி வீட்டுக்குச் சொல்லிடுவாங்க.
* இருமும்போது கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
* விளையாட்டில் அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியலைன்னு அவன் சொன்னால் கட்டாயப்படுத்தாதீங்க.
* மாதத்தில் சில நாள் மதுரைக்குப் போய்விடுவான். அந்த நாள் பாடத்தை யாராவது ஒருத்தர் நோட்டில் எழுதிக் கொடுங்க.
* முடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் முதல் வாரக் காலை வணக்கக் கூட்டத்தில், அவன் பெயரைச் சொல்லாமல், "இரத்தப் புற்றுநோய் தொற்றாது" என்று ஒருமுறை சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் பாதிப் பேர் கேட்பார்கள், நீங்கள் சொன்னால் வீட்டிலும் போய்ச் சொல்வார்கள்.

படித்தீர்களா? விடை சொல்லுங்கள்!

1. இரத்த அணுக்கள் உருவாகும் இடம் எது?
2. ஈயோசினோஃபில் என்ற பெயருக்குப் பொருள் என்ன?
3. சி.டி.3 பேட்ஜ் குத்திய அணு எந்த வகை?
4. விறகுக்கட்டு அணு எந்த நோயின் அடையாளம்?
5. இமாடினிப் வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்த ஆண்டு எது?
6. இரத்தப் புற்றுநோய் பக்கத்தில் உட்கார்ந்தால் வருமா?

விடை எல்லாம் மேலேயே இருக்கு. ஆறாவது கேள்விக்கு மட்டும் எழுதிக் காட்ட வேண்டாம், ஜூன் மாதம் உட்கார்ந்து காட்டுங்கள்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி